சக்கரம் நிற்கட்டும், கால் நடக்கட்டும்!

வீட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்ற முடியுமா?

முடியும். அதற்கு ஒரு வண்டி இருக்கிறது. அதன் பெயர் "கேரவன்".

சினிமா படப்பிடிப்பைப் பார்த்தவர்களுக்கு இந்த வண்டி தெரியும். நடிகர், நடிகைகள் வேடம் போடுவதும் ஓய்வு எடுப்பதும் அதற்குள்தான். கட்டில், கண்ணாடி, குளியல் அறை எல்லாம் உள்ளே உண்டு.

இப்போது சினிமாக்காரர்கள் மட்டும் அல்ல, குடும்பங்களும் சிறிய வீட்டு வண்டியில் புறப்படுகின்றன. ஒரு வேன். அதன் பின்பக்கத்தில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. பசித்தால் சமைக்கலாம். தூக்கம் வந்தால் படுக்கலாம். ஓட்டல் செலவு இல்லை.

இது நல்ல காரியம். வரவேற்க வேண்டியது.

ஆனால் ஒன்றில் கண்டிப்பு வேண்டும். தார் ரோட்டை விட்டு மண் பாதையில் இறங்குவதற்கு முன்பே, வண்டி எதுவரை போகும் என்று முடிவு செய்துவிட வேண்டும். அந்த இடத்தில் சக்கரம் நிற்க வேண்டும். மீதித் தூரத்தைக் கால் நடக்க வேண்டும்.

முட்டுக்காடு போன்ற ஊர்களுக்கு இந்த விதி மிகமிகத் தேவை.

மூன்று விதமான மண்

முட்டுக்காடு, செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரை ஊர். சென்னையிலிருந்து ஏறக்குறைய 36 கிலோ மீட்டர். 1984-ல் அங்கே சுற்றுலாத் துறையின் படகுத் துறை ஏற்பட்டது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வருகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானது, வழுவழுப்பானது. அதில் எந்த வண்டியும் ஓடும்.

சாலையை விட்டு இறங்கினால்தான் கதை மாறுகிறது. கடல் பக்கம் போனால் மணல். கழி பக்கம் போனால் களிமண். மேற்கே செங்கல்பட்டு நோக்கிப் போனால் பல இடங்களில் சிவந்த சரளை மண்.

மூன்று மண்ணுக்கும் மூன்று குணம்.

மணல் காய்ந்திருந்தால் சக்கரத்தை விழுங்கும். மழையில் நனைந்தால் சற்று இறுகும்.

களிமண் அதற்கு நேர்மாறு. காய்ந்தால் கல், நனைந்தால் வழுக்கும் சேறு. கழிக் கரையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மேலே காய்ந்த ஏடு தெரியும். அதன் கீழே சேறு இருக்கும். மனிதன் நடந்தால் தாங்கும் அந்த ஏடு, வண்டி ஏறினால் உடைந்துவிடும்.

சரளைப் பாதையில் தகரக் கூரை போல வரி வரியாக மேடு விழுந்திருக்கும். அந்த மேடுகளை வண்டிச் சக்கரங்களே உண்டாக்குகின்றன! பிரான்ஸ், கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் விஞ்ஞானிகள் இதைச் சோதித்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். மணல் மேல் ஒரு சக்கரத்தைத் திரும்பத் திரும்ப உருட்டினார்கள். மெதுவாக உருட்டியபோது மணல் சமமாகவே இருந்தது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் வரி விழுந்தது.

வேகமாகப் போகிறவன், தனக்குப் பின்னால் வருகிறவனின் பாதையைக் கெடுத்துவிட்டுப் போகிறான் என்பது இதிலிருந்து தெரிகிறது.

அரசு அழைக்கிறது

வீட்டு வண்டிகள் இனிமேல் பெருகும். அதற்கு வழி பிறந்துவிட்டது.

கேரவன் சுற்றுலாவுக்காக மத்திய சுற்றுலா அமைச்சகம் 2010-ஆம் ஆண்டையொட்டி ஒரு கொள்கையை வகுத்தது. கேரள அரசு 2021-ல் தனித் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டே வாகமண் மலையில் கேரவன் பூங்கா வந்தது. தமிழக அரசு 2023-ல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் இருக்கிறது.

வண்டி செய்கிறவர்களும் சும்மா இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ஒரு நிறுவனம், மகிந்திரா கம்பெனியுடன் 2022-ல் ஒப்பந்தம் செய்தது. பொலேரோ வண்டியின் மேல் சிறிய வீடு கட்டுவது திட்டம். நாலு பேர் படுக்கலாம். சமையல் அறையும் கழிப்பறையும் உண்டு.

ஆகவே, பழக்கம் முற்றுவதற்கு முன்பே நல்ல வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பிறகு திருத்துவது கடினம்.

கார் வேறு, வீடு வேறு

"எனக்கு இருபது வருஷமாகக் கார் ஓட்டத் தெரியும்" என்று சிலர் சொல்வார்கள். தெரியட்டும். ஆனால் வீட்டு வண்டி கார் அல்ல.

கார் குட்டை, வீட்டு வண்டி உயரம். காரில் பாரம் கீழே இருக்கும். வீட்டு வண்டியில் அலமாரி, தட்டுமுட்டுச் சாமான், கூரை மேல் பெட்டி என்று பாரம் மேலே ஏறிவிடும். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் கார் சாயும். வீட்டு வண்டி கவிழ்ந்தே போகலாம்.

தண்ணீரைப் பாருங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டி என்றால் 100 கிலோ. அதாவது, 25 கிலோ அரிசி மூட்டை நாலு! அதுவும் பாதித் தொட்டியாக இருந்தால் இன்னும் மோசம். குறைகுடம் தளும்பும் என்று பெரியவர்கள் சொன்னது வண்டிக்கும் பொருந்தும். வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் பாயும். வண்டியையும் அந்தப் பக்கமே தள்ளும். தொட்டியில் உள்ளுக்குள் தடுப்பு வைப்பது இதற்காகத்தான்.

நம் ஊர் மாட்டு வண்டிக்காரர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். பாரம் முன்னால் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும். பின்னால் அதிகமானால் வண்டி குடை சாயும். அதனால் ஒவ்வொரு மூட்டையையும் இடம் பார்த்து ஏற்றினார்கள். கனமானது அடியில், லேசானது மேலே. மோட்டார் வண்டிக்கும் அதே கணக்குத்தான்.

திருப்போரூர்த் தேரைப் பார்த்தவர்கள் இன்னொரு பாடமும் படித்திருப்பார்கள். தேர் உயரமானது, கனமானது. வடம் பிடிக்கப் பலர் இருக்கிறார்கள். ஆனால் சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையுடன் நிற்கிறவர்தான் முக்கியமானவர். அவர் கட்டை போட்டால்தான் தேர் நிற்கும், திரும்பும். ஓட வைப்பதைவிட நிறுத்துவது பெரிய வேலை என்று நம் முன்னோர் கண்டிருந்தார்கள்.

என்.டி.ராமராவின் வேன்

"அப்படியானால் கரடு முரடான பாதையில் வீட்டு வண்டி போகவே கூடாதா?" என்று கேட்கலாம்.

போகலாம். போய் இருக்கிறார்கள்.

நடிகர் என்.டி.ராமராவ் 1982-ல் கட்சி தொடங்கினார். ஒரு பழைய செவர்லே வேனை மாற்றி அமைத்தார். அதற்கு "சைதன்ய ரதம்" என்று பெயர் வைத்தார். அவருடைய மகன் ஹரிகிருஷ்ணா அதை ஓட்டினார். ஆந்திரம் முழுவதும் பல ஆயிரம் கிலோ மீட்டர் சுற்றினார்கள். சாப்பாடும் தூக்கமும் வண்டியில்தான். 1983 ஜனவரியில் ராமராவ் முதல்-அமைச்சர் ஆனார்.

அன்றைய கிராமத்துப் பாதைகளில் அந்தப் பழைய வண்டி எப்படிப் போயிற்று? வேகமாகப் போகவேண்டிய தேவையே அதற்கு இல்லை. ஊருக்கு ஊர் நின்றது. ஜனங்கள் கூடினார்கள். பிறகு நகர்ந்தது.

இன்னொன்றும் உண்டு. சேற்றில் சிக்கினால் தள்ளுவதற்கு அங்கே ஆயிரம் கைகள் இருந்தன. உல்லாசப் பயணம் போகும் குடும்பத்தில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். மொத்தம் எட்டுக் கைகள்தான்!

முன்னால் போன சைக்கிள்

அதற்கும் நூறு வருஷத்துக்கு முன்பு, இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1885-ல் அவர் ஒரு வீட்டு வண்டி செய்வித்தார். குதிரைகள் இழுக்கும் வண்டி. அதில் ஸ்காட்லாந்து வரை போனார்.

அவருடைய வேலைக்காரர் வண்டிக்குள் உட்காரவில்லை. மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போனார். பெரிய வண்டி வருகிறது என்று எதிரில் வருகிறவர்களுக்குச் சொன்னார்.

இந்த யோசனைக்குக் காசு செலவு இல்லை. மண் பாதை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். ஒருவர் இறங்கி முன்னால் நடக்க வேண்டும். பள்ளம் எங்கே, மரக்கிளை எவ்வளவு தாழ்வு, மின்சாரக் கம்பி தொங்குகிறதா, திரும்புவதற்கு இடம் உண்டா என்று பார்க்க வேண்டும். திரும்ப இடம் இல்லை என்றால், உள்ளே போகவே கூடாது.

பிறகு ஊர்க்காரர் ஒருவரைக் கேட்க வேண்டும். "அண்ணே, இந்தப் பாதை வேன் தாங்குமா?" என்று கேட்டால், "தாராளமா போங்க" என்றோ, "வேணாம்ப்பா, அங்க சேறு" என்றோ சொல்லிவிடுவார். அவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். கைப்பேசி காட்டும் வரைபடத்தில் கோடு தெரியும், சேறு தெரியாது.

மணலில் சிக்கினால்

மணலில் போக நேர்ந்தால் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைப்பது வழக்கம். டயர் நீளமாகப் படியும். பாரம் பரவும். சக்கரம் புதையாது. ஆனால் தார் ரோட்டில் ஏறும் முன்பு மறுபடியும் காற்று அடித்தே ஆக வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கக்கூடும்.

சிக்கிய பிறகு என்ஜினை உறுமவிடுவது அறியாமை. சக்கரம் சுழலச் சுழலக் குழி ஆழமாகும். எல்லோரும் இறங்க வேண்டும். மண்வெட்டியால் மணலை ஒதுக்க வேண்டும். பலகை போட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்வாங்க வேண்டும். ஆகவே மண்வெட்டி, இரண்டு பலகை, கயிறு, காற்றுப் பம்பு ஆகிய நான்கும் வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுப்பு விஷயத்தில் இரட்டைக் கவனம் வேண்டும். வண்டி ஓடும்போது கியாஸ் சிலிண்டரை மூடி, நிமிர்த்தி, அசையாமல் கட்ட வேண்டும். குலுங்கிய பாதையில் வந்தால் ரப்பர் குழாயைப் பரிசோதித்த பிறகே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.

ஜெனரேட்டரை ஓடவிட்டு உள்ளே தூங்கவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், நிறுத்தி வைத்திருந்த கேரவனுக்குள் 2 பேர் பிணமாகக் கிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குலுக்கத்தில் தரையில் விழும் சின்ன இடுக்கு போதும், அது உள்ளே வர.

பாதை யாருடையது?

இதுவரை சொன்னது குடும்பத்தின் பத்திரம். இனி ஊரின் பத்திரம்.

கடற்கரைக் குப்பத்துக்கு உள்ளே போகும் மண் பாதை பெரும்பாலும் ஒரே ஒரு வண்டி அகலம்தான். மீன் கூடை அந்த வழியாக வெளியே வர வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அதில் நடக்க வேண்டும். பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணை ஏற்றிக்கொண்டு 108 ஆம்புலன்சும் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

அந்தப் பாதையில் ஒரு வீட்டு வண்டி அச்சு வரை புதைந்து நின்றால் என்ன ஆகும்? வண்டி மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை. ஊரே மாட்டிக்கொள்கிறது.

மணல் என்றால் காலி இடம் என்று பட்டணத்துக்காரர்கள் நினைக்கிறார்கள். அது தவறு. மீனவர்களுக்கு அது களம். வலை காய்வது அங்கே. படகு நிற்பது அங்கே. கருவாடு உலர்வதும் அங்கே. நெல் காயும் களத்தில் யாராவது வேனை ஓட்டுவார்களா?

ஆமைக்கும் அங்கே பங்கு உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டை இடுகின்றன. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். மேலே பார்த்தால் வெறும் மணல்தான். அதன் மேல் சக்கரம் ஏறினால் முட்டை நசுங்கும். தப்பிப் பொரித்த குஞ்சு, டயர் தடத்தில் விழுந்து கடலுக்குப் போக வழி தெரியாமல் கிடக்கும். இந்த ஆமைக்கு 1972-ஆம் ஆண்டு வன உயிர்ச் சட்டம் மிக உயர்ந்த பாதுகாப்பு கொடுத்திருக்கிறது.

மணல்மேட்டில் படர்ந்திருக்கும் அடப்பங்கொடி களை அல்ல. மணலைப் பிடித்து நிறுத்துவது அதுதான். கொடி அறுந்தால் மேடு கரையும். 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட கரை இது. மணல்மேட்டின் அருமை இங்கே எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

இரண்டு கேள்விகள்

"நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வந்துவிட்டதே! அது எங்கும் போகுமே?"

போகும். ஆனால் நான்கு சக்கரமும் இழுப்பதால் உயரம் குறைந்துவிடாது, பாரம் குறைந்துவிடாது, பிரேக்கும் கூடுதலாகப் பிடிக்காது. சாதாரண வண்டி பத்து அடியில் சிக்கினால், அது நூறு அடி உள்ளே போய்ச் சிக்கும். எடுப்பதுதான் கஷ்டம்.

"எல்லாப் பாதைக்கும் தார் போட்டுவிட்டால் என்ன?"

குப்பத்துக்கு நல்ல ரோடு வேண்டும். அது அந்த மக்களின் உரிமை. ஆனால் அலை வரைக்கும் தார் வேண்டியதில்லை. ரோடு ஊர் வரை போகட்டும். மணல் மணலாக இருக்கட்டும்.

ஓடத்தில் ஓடிய வீடு

நகரும் வீடு இந்தப் பகுதிக்குப் புதிது அல்ல. முட்டுக்காட்டுக் கழியோடு கலந்து போகிறது பக்கிங்காம் கால்வாய். 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சத்தில், சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைப் பட்டினி மக்கள் வெட்டினார்கள். அந்தக் கால்வாயில் உப்பும் விறகும் படகில் போயின. படகோட்டிகள் படகிலேயே பொங்கித் தின்று, படகிலேயே படுத்தார்கள்.

1934-ல் பாரதிதாசன் நண்பர்களுடன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாயில் படகில் போனார். "மாவலிபுரச் செலவு" என்று கவிதையும் எழுதினார். கரையில் நடந்து கயிறு கட்டிப் படகை இழுத்த உழைப்பாளிகளின் பாடு அதில் இருக்கிறது. உல்லாசமாகப் போனவர், தன்னைச் சுமந்த வழியையும் மனிதர்களையும் மறக்கவில்லை. இன்று வீட்டு வண்டியில் போகிறவர்களுக்கும் அந்த நினைப்பு வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

அரசும் ஊராட்சிகளும் செய்ய வேண்டியது பெரிய செலவு அல்ல. தார் ரோட்டின் ஓரத்திலேயே கெட்டித் தரையில் வீட்டு வண்டிகள் நிற்க இடம் ஒதுக்க வேண்டும். குடிதண்ணீர்க் குழாய், கழிவுநீரைக் கொட்டத் தொட்டி, குப்பைத் தொட்டி, இரவில் விளக்கு ஆகியவை வேண்டும். இல்லாவிட்டால் கழிவுநீர் கழியில்தான் விழும். மண் பாதை தொடங்கும் இடத்தில், "வீட்டு வண்டி இதற்கு மேல் போகக் கூடாது" என்று தமிழில் பலகை வைக்க வேண்டும். வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கு ஊருக்குப் போக வேண்டும்.

வண்டிக்காரர்களுக்கும் கடமை உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வண்டியை இஷ்டப்படி மாற்றி அமைக்க முடியாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சாதா வேனில் கட்டிலையும் அடுப்பையும் திருகிப் பொருத்திவிட்டுக் கிளம்புவது சட்டத்துக்கும் விரோதம், உயிருக்கும் விரோதம்.

குடும்பத்துக்கு ஒரே ஒரு விதி. புறப்படும்போதே "வண்டி இதுவரைதான்" என்று அம்மா, அப்பா, பிள்ளைகள் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த இடம் வந்ததும் வண்டி நிற்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் தூரம்தானே" என்ற ஆசைதான் அச்சை முறிக்கிறது.

வண்டியை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால், கடலுக்குப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தில் பிள்ளை நண்டு வளையைப் பார்க்கும். அடப்பங்கொடியின் பூவைப் பார்க்கும். வலை பின்னுகிறவரிடம் நாலு வார்த்தை பேசும். ஊர் சுற்ற வருவது இதற்காகத்தானே!